ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் ஒரு ஜெபமாலை: 2010 தழுவலும் அதைப் பார்த்தவர்களின் சண்டையும்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' நாவலின் முடிவை இந்தக் கட்டுரை மறைக்காமல் பேசுகிறது. கொலை செய்தது யார் என்று தெரியாமல் அந்த நாவலைப் படிக்கிற சுகம் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். இன்னும் படிக்காதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். படித்துவிட்டு வந்து மிச்சத்தைத் தொடரலாம்.

சரி, இனி படித்தவர்களோடு பேசலாம்.

2010ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டனின் ஐடிவி இந்தக் கதையை ஒன்றரை மணி நேரப் படமாக ஒளிபரப்பியது. அமெரிக்காவில் பிபிஎஸ் அந்த ஜூலையிலேயே காட்டிவிட்டது. இயக்கம் ஃபிலிப் மார்ட்டின், திரைக்கதை ஸ்டூவர்ட் ஹார்கோர்ட், கிறிஸ்டியின் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவாக டேவிட் சூஷே. சூஷே 1989லிருந்து அதே வேடத்தில் வந்துகொண்டிருந்தார். இருபத்தொரு வருடம் என்பது ஒரு தலைமுறை. அந்த முட்டை வடிவத் தலை, மெழுகு தடவிய மீசை, குட்டிக் குட்டி எட்டு வைக்கும் நடை எல்லாம் பார்வையாளர்களுக்கு வீட்டு மனிதர் மாதிரி ஆகியிருந்தன. கிறிஸ்டியின் மிகப் புகழ்பெற்ற புதிரில் அந்த மனிதரைப் பார்க்கப்போகிறோம் என்ற எதிர்பார்ப்போடுதான் அன்று எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்கள்.

படத்தின் கடைசியில் அவர்கள் கண்டது, கையில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, பனியில் தனியே நடந்து போகும் ஒரு வயதான மனிதரை.

அன்றைக்குத் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. தொடரின் உச்சமே இதுதான் என்று ஒரு பக்கம் அடித்துச் சொல்கிறது. கிறிஸ்டியைக் கொன்றுவிட்டார்கள், இது எங்கள் புவாரோவே இல்லை என்று இன்னொரு பக்கம் கொதிக்கிறது. நடுவில் நிற்கிறவர்கள் குறைவு. பழக்கப்பட்ட ஒரு நடிகர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை. இதில் பார்வையாளர்கள் இப்படி இரண்டாகப் பிரிந்தது ஏன்? அதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப்போகிறேன். மீசை, இருட்டு, மதம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: கடைசியில் அந்த முடிவை எடுப்பது யார்?

கதையும் அதன் பின்னால் இருந்த நிஜமும்

இஸ்தான்புல்லிலிருந்து மேற்கே போகும் ரயில் யுகோஸ்லாவியாவில், வின்கோவ்சிக்கும் ப்ராடுக்கும் நடுவே பனியில் மாட்டிக்கொள்கிறது. காலையில் ராட்செட் என்ற அமெரிக்கப் பணக்காரர் தன் கம்பார்ட்மென்டில் செத்துக் கிடக்கிறார். உடம்பில் 12 கத்திக்குத்து. சில ஆழமாக இறங்கியவை, சில வெறும் கீறல். சில வலது கைக் குத்து, சில இடது கைக் குத்து. சோதித்துப் பார்த்த டாக்டர் குழம்பிப்போகிறார்.

ராட்செட்டின் உண்மைப் பெயர் கசெட்டி. டெய்சி ஆம்ஸ்ட்ராங் என்ற மூன்று வயதுக் குழந்தையைக் கடத்தி, பணத்தையும் வாங்கிக்கொண்டு கொன்றவன். அந்த அதிர்ச்சியில் தாய்க்குக் குறைப்பிரசவமாகி, தாயும் போனாள், வயிற்றுக் குழந்தையும் போனது. தகப்பன் தன்னைச் சுட்டுக்கொண்டான். அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்ட வேலைக்காரப் பெண் ஜன்னலிலிருந்து குதித்துச் செத்தாள். ஒரு குற்றத்தில் ஐந்து உயிர். கசெட்டியோ பணத்தாலும் செல்வாக்காலும் சட்டத்தின் ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டான். ரயிலில் இருந்த 12 பேரும் அந்தக் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வகையில் வேண்டியவர்கள். ஆளுக்கொரு குத்து. 12 பேர் என்பது ஜூரியின், அதாவது கோர்ட்டில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவின், எண்ணிக்கை.

இது அப்படியே கற்பனையில் முளைத்தது இல்லை. 1932 மார்ச் 1ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், விமானி சார்ல்ஸ் லிண்ட்பர்க்கின் 20 மாதக் குழந்தை தொட்டிலிலிருந்து கடத்தப்பட்டது. 50,000 டாலர் கொடுக்கப்பட்டது. மே 12 அன்று குழந்தையின் சடலம்தான் கிடைத்தது. லிண்ட்பர்க்கின் மாமியார் வீட்டில் வேலை பார்த்த ஒரு பெண், திரும்பத் திரும்ப நடந்த போலீஸ் விசாரணையைத் தாங்காமல் விஷம் குடித்து இறந்தாள். அவளுக்கும் கடத்தலுக்கும் சம்பந்தமே இல்லை.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். நாவல் வெளிவந்தது 1934 ஜனவரி 1. லிண்ட்பர்க் வழக்கில் ப்ரூனோ ஹாப்ட்மான் கைதானது 1934 செப்டம்பரில். மரண தண்டனை நிறைவேறியது 1936 ஏப்ரலில். கிறிஸ்டி எழுதியபோதும், முதல் வாசகர்கள் படித்தபோதும் குழந்தையைக் கொன்றவன் யார் என்றே உலகத்துக்குத் தெரியாது. அவன் எங்கோ சுதந்திரமாகத் திரிந்துகொண்டிருந்தான். அப்படிப்பட்ட வாசகரிடம் கசெட்டி சாகலாமா கூடாதா என்று வாதாடவே தேவையில்லை. அவர் மனதில் தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது. நாவலின் கடைசிப் பக்கம் அவ்வளவு சுருக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2010இல் பார்க்கிறவருக்கு அந்தக் கோபம் கிடையாது. படம்தான் அதை உண்டாக்கித் தர வேண்டும்.

(பனியில் ரயில் நின்றதும் நிஜம்தான். 1929இல் துருக்கியின் செர்கெஸ்கோய் பக்கம் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் பனியில் பல நாள் சிக்கிக்கிடந்தது. 1931 டிசம்பரில் கிறிஸ்டியே அந்த ரயிலில் ஊர் திரும்பும்போது, மழையில் தண்டவாளம் அரித்துப்போய் நடுவழியில் மாட்டிக்கொண்டார்.)

நாவலின் கடைசிப் பக்கம்

நிறையப் பேர் மறந்துபோகிற ஒரு விவரம் இருக்கிறது. நாவலில் கொலையாளிகளை விடுவிப்பது புவாரோ இல்லை.

அவர் எல்லோரையும் உணவுப் பெட்டியில் கூட்டி வைத்து இரண்டு விடைகள் சொல்கிறார். வெளியிலிருந்து யாரோ ஒருவன் கண்டக்டர் உடுப்பில் ரயிலேறி, கொன்றுவிட்டு இறங்கிப் போய்விட்டான் என்பது முதல் விடை. 12 பேரும் சேர்ந்து செய்தார்கள் என்பது இரண்டாவது. அப்புறம் ரயில் கம்பெனி இயக்குநரான தன் நண்பர் பூக் பக்கம் திரும்பி, உங்கள் கருத்து என்ன என்று கேட்கிறார். முதல் விடைதான் சரி என்கிறார் பூக். டாக்டர் கான்ஸ்டன்டைனும் ஆமோதித்து, தன் மருத்துவக் குறிப்புகளையே மாற்றிக்கொள்ளத் தயாராகிறார். என் விடைகளை உங்கள் முன் வைத்துவிட்டேன், இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று புவாரோ ஒதுங்குவதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

அந்த ஒதுங்கலில் எவ்வளவு நாசூக்கு பாருங்கள். பாரம் மூன்று பேர் தோளில் பிரிந்து இறங்குகிறது. புவாரோ உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலையை முடித்துவிட்டார். பொய்யைத் தேர்ந்தெடுப்பது வேறு இரண்டு பேர். வாசகருக்கும் உறுத்தல் இல்லை. புதிர் அவிழ்ந்த திருப்தியோடு புத்தகத்தை மூடி வைக்கலாம்.

சிட்னி லூமெட் இயக்கிய 1974 படமும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. முடிவைச் சொல்வது அதிலும் ரயில் கம்பெனிக்காரர்தான். ஆல்பர்ட் ஃபின்னியின் புவாரோ, அறிக்கையோடும் தன் மனசாட்சியோடும் மல்லுக்கட்டப் போகிறேன் என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார். அதன் பிறகு ஷாம்பெய்ன் கோப்பைகள். 12 பேரும் ஒருவரோடு ஒருவர் கோப்பையை மெல்ல மோதி, கண்ணைப் பார்த்துக்கொள்கிறார்கள். ரிச்சர்ட் ராட்னி பென்னட்டின் வால்ட்ஸ் இசையோடு ரயில் கிளம்புகிறது.

அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். அதில் ஒரு காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஸ்வீடன் நாட்டு மிஷனரியாக வரும் இங்கிரிட் பெர்க்மனிடம் புவாரோ விசாரணை நடத்துகிறார். பல நிமிடம் வெட்டே இல்லை. கேமரா அவர் முகத்தை விட்டு நகராமல் கூடவே போகிறது. திக்கித் திணறும் ஆங்கிலம், எங்கேயும் நிலைகொள்ளாத கண்கள், தன் பக்திக்கே பயப்படுகிற மாதிரி ஒரு குரல். பெர்க்மனுக்கு லூமெட் முதலில் தர நினைத்தது ரஷ்ய இளவரசி வேடம். இந்தச் சின்ன வேடம்தான் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு ஆஸ்கர் பரிந்துரை பெற்ற அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் இந்த வேடத்துக்குத்தான்.

கிறிஸ்டியும் அந்தப் படத்தின் திரையீட்டுக்கு வந்திருந்தார். பிடித்திருந்தது. அவருடைய ஒரே குறை மீசை. தான் எழுதிய அளவுக்கு அது கம்பீரமாக இல்லை என்றார். பார்வையாளர்கள் மீசைக்காகச் சண்டை போடுவது வெட்டிப் பேச்சு என்று யாராவது சொன்னால், அதைத் தொடங்கி வைத்தவர் எழுதியவரே என்று பதில் சொல்லலாம்.

2010இல் என்ன செய்தார்கள்

ஹார்கோர்ட்டின் திரைக்கதை ரயிலில் தொடங்கவில்லை. முதல் காட்சியில் ஓர் இளம் ராணுவ அதிகாரியின் பொய்யைப் புவாரோ பிட்டுப் பிட்டு வைக்கிறார். அந்த இளைஞன் அங்கேயே, அவர் கண் முன்னாலேயே தன்னைச் சுட்டுக்கொள்கிறான். நல்லவன்தான், ஒரு தவறு செய்துவிட்டான் என்று இன்னொரு ராணுவ வீரன் பிறகு வருந்துகிறான். புவாரோ அசைவதில்லை. அவன் பொய் சொன்னான், அவ்வளவுதான் என்ற நிலையில் நிற்கிறார்.

அடுத்து இஸ்தான்புல். கணவனுக்குத் துரோகம் செய்தாள் என்று ஒரு பெண்ணை ஒரு கூட்டம் தெருவில் துரத்திக் கல்லெறிகிறது. பயணிகளில் ஒருவரான மேரி டெபனமாக வரும் ஜெசிகா சாஸ்டெய்ன் அதைக் கண்டு துடித்துப்போகிறார். ரயிலில் அதைப் பற்றிப் புவாரோவிடம் பேசும்போது, அந்தப் பெண்ணுக்குத் தன் சமூகத்தின் விதி தெரிந்துதானே இருந்தது என்கிற தொனியில் அவர் பதில் சொல்கிறார்.

ரயில் பனியில் நின்றதும் விளக்கு மங்குகிறது, கணப்பு அணைந்துவிடுகிறது. பேசுகிறவர் வாயிலிருந்து ஆவி வருகிறது. உண்மை வெளிப்படும் காட்சியில், 1974 படத்தின் ஃபின்னிபோல வித்தை காட்டும் உற்சாகம் சூஷேயிடம் துளியும் இல்லை. கத்துகிறார். நீங்களே ஜூரி, நீங்களே தூக்குப் போடுகிறவர் என்று ஆகிவிட்டால் தெருவில் திரியும் காட்டுமிராண்டிகளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். சட்டம் கீழே விழுந்தால் அதை எடுத்து முன்னிலும் உயரமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்கிறார். பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்ற இயேசுவின் வார்த்தையைப் பயணிகள் தரப்பு திருப்பிப் பிடிக்கிறது: நாங்கள் பாவமில்லாதவர்களாகத்தானே இருந்தோம்! தெருவில் பறந்த கல் இப்போது ரயில் பெட்டிக்குள் வந்து விழுகிறது.

இங்கே பூக் முடிவெடுப்பதில்லை. டாக்டர் கான்ஸ்டன்டைனாலும் எடுக்க முடியாது, ஏனென்றால் இந்தத் தழுவலில் அவரும் கத்தி பிடித்தவர்களில் ஒருவர். புவாரோவைச் சுற்றியிருந்த தோள்களை எல்லாம் திரைக்கதை ஒவ்வொன்றாக அகற்றிவிடுகிறது. மொத்தப் பாரமும் ஒரே ஆள் மேல். ராத்திரி முழுக்க அவர் தன் கம்பார்ட்மென்டில் தனியே உட்கார்ந்திருக்கிறார். விடிந்ததும் போலீசிடம் போய்ப் பொய் சொல்கிறார்.

எதிர்ப்பாளர்கள் சொல்வதில் எது நிற்கும்

முதல் குற்றச்சாட்டு, இது கிறிஸ்டியின் நாவல் இல்லை என்பது. உண்மைதான். நாவலில் இருக்கும் நகைச்சுவை, பல நாட்டுக்காரர்கள் ஒரே பெட்டியில் மாட்டிக்கொண்டதன் கலகலப்பு, பொய்களை அவிழ்ப்பதில் புவாரோவுக்கு இருக்கும் குழந்தைத்தனமான குஷி, இதெல்லாம் 2010இல் காணாமல் போய்விட்டன. விசாரணைக் காட்சிகளும் அவசர அவசரமாக ஓடுகின்றன. புதிரை அனுபவிக்க வந்தவர் ஏமாந்து போவதில் நியாயம் இருக்கிறது. யார் யாருக்கு என்ன உறவு என்று இழை இழையாகப் பிரிக்கும் இன்பத்தை 1974 படம் பொறுமையாகக் கொடுக்கிறது. அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கல்லெறியும் காட்சி. இதில் நான் எதிர்ப்பாளர்கள் பக்கம். துருக்கி 1926லேயே பழைய மதச் சட்டங்களை எடுத்துவிட்டு, சுவிட்சர்லாந்தின் சட்டத்தைத் தழுவிய சிவில் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. 1930களின் இஸ்தான்புல் தெருவில் இப்படியொரு காட்சியை அன்றாட வழக்கம்போலக் காட்டுவது அந்த ஊருக்குச் செய்த அநியாயம். கூட்டம் கொடுக்கும் தண்டனை என்ற கருத்துக்கு ஒரு கண்ணாடி வேண்டும் என்று திரைக்கதைக்காரர் தேடியிருக்கிறார். அந்தக் கண்ணாடியைக் கிழக்கே இருக்கிற ஒரு நகரத்தின் தலையில் கட்டியது சோம்பேறித்தனம். கும்பல் கொலைக்கு உதாரணம் தேட அன்றைய அமெரிக்காவைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. கசெட்டியும் ஆம்ஸ்ட்ராங் குடும்பமும் அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள்தானே?

மூன்றாவது, மதம். புவாரோ கத்தோலிக்கர் என்பது கிறிஸ்டியே எழுதி வைத்தது; படக்காரர்கள் புதிதாக ஒட்டியது இல்லை. ஆனால் நாவல்களில் அது ஒரு குறிப்பாக வந்து போகும். இங்கே அது முதுகெலும்பாகிவிட்டது. புவாரோ ஜெபிக்கிறார். கொலையாகப்போகும் ராட்செட்டும் ஜெபிக்கிறான். பாவத்துக்குப் பரிகாரம் உண்டா, மன்னிப்பை யார் தருவது என்று ரயிலில் பேச்சு நடக்கிறது. சாமி சமாச்சாரத்தைத் துப்பறியும் கதையில் ஏன் நுழைத்தீர்கள் என்று சிலர் எரிச்சலானார்கள். எனக்கு அந்த எரிச்சல் புரிகிறது, ஒப்புக்கொள்ள முடியவில்லை. சட்டம் ஒரு பக்கம், நியாயம் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்போது ஒரு நம்பிக்கையாளர் எங்கே போவார்? பாவசங்கீர்த்தனம் செய்கிற பழக்கமுள்ள மனிதருக்கு, பொய் சொல்வது என்பது வெறும் சட்ட மீறல் இல்லை. அதை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

சூஷே கத்துவதைப் பற்றியும் புகார் உண்டு. மீசை முடி ஒன்று கலைந்தாலே பதறுகிற மனிதர் இப்படித் தொண்டை கிழியக் கத்துவாரா? இருபத்தொரு வருடமாகக் கத்தாதவர் என்பதால்தான் அந்தக் கத்தல் உறைக்கிறது. புதிதாக ஒரு நடிகர் வந்து இதையே செய்திருந்தால் மிகை நடிப்பு என்று தள்ளியிருப்பேன்.

எங்கள் வீட்டு வழக்கு

இந்தப் படத்தை நான் வீட்டில் போட்டுக் காட்டிய அன்று நடந்ததைச் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாகும். பார்த்தவர்கள் அம்மாவும் மாமாவும். மாமா அம்மாவுக்குத் தம்பி. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் நாவலைப் படித்ததில்லை. அம்மா முறத்தில் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே பார்த்தார். எந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தேன்.

12 பேரும் வரிசையாகக் குத்தும் காட்சியில் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, பன்னெண்டு பேர் கத்தியோட வந்தா அதுக்குப் பேரு ஜூரியா?"

"அந்தப் பிஞ்சக் கொன்னானே, அவன உங்க கோர்ட்டு என்னடா பண்ணுச்சு? விட்டுருச்சுல்ல?"

"விட்டது தப்புதான் க்கா. அதுக்காக ஆளாளுக்குக் கத்தியத் தூக்குனா..."

"போடா. பெத்தவளுக்குத்தான் தெரியும்."

அம்மா கீரையை விட்டுவிட்டார். அடுத்த பத்து நிமிடம் படம் தனியாக ஓடியது, வாதம் தனியாக ஓடியது. மாமா தன் காலத்தில் பார்த்த வழக்குகளை இழுத்தார். சாட்சி பிறழ்ந்து ஆள் தப்பியது, அப்புறம் ஐந்து வருடம் கழித்து அவன் நிரபராதி என்றே தெரியவந்தது என்று ஒன்று சொன்னார். அம்மா அசையவில்லை.

கடைசிக் காட்சி வந்தபோது இருவரும் அடங்கிவிட்டார்கள். புவாரோ போலீசிடம் பேசிவிட்டுத் திரும்பி நடக்கிறார். பயணிகள் பனியில் நிற்கிறார்கள். அவர் கை கோட்டுப் பையில் எதையோ தேடுகிறது, ஜெபமாலை. முகம் உடைகிறது. உதடு இறுகி, கண் நிறைந்து, எதையும் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு முகம்.

"அவன்தான் எல்லாரையும் விட்டுட்டானே. அப்புறம் ஏன் அழுவுறான்?" என்றார் அம்மா.

மாமா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பொய் சொல்லிட்டான்ல க்கா. மொதல்ல அந்தப் பையன் எதுக்குச் செத்தான்? அதே பொய்க்குத்தான்" என்றார்.

நான் அதுவரை மூன்று தடவை அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் அப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ராணுவ அதிகாரி சாகும் காட்சி எதற்கு, சும்மா அதிர்ச்சிக்குத்தானே என்று பலரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாமா சொன்ன பிறகு திரும்பப் போட்டுப் பார்த்தேன். நல்ல மனிதன் ஒருவன் சொன்ன பொய்யை மன்னிக்க மறுத்தவர், படத்தின் முடிவில் நல்ல மனிதர்களுக்காகத் தானே பொய் சொல்கிறார். அந்த இளைஞனுக்குக் கொடுக்காத இரக்கத்தை 12 பேருக்குக் கொடுத்துவிட்டார். அப்படியானால் அவன் செத்தது எதற்காக? ஜெபமாலையைப் பிடித்த அந்தக் கைக்குள் இதுவும் இருக்கிறது.

அம்மாவுக்குப் படம் பிடிக்கவில்லை. "நல்லது பண்ணவனப் போயி அழ வச்சிட்டானுங்க" என்றார். அவர் கேட்பது 1974இன் ஷாம்பெய்ன். மாமா கேட்பது 2010இன் பனி. முடிவின் பாரம் பிரிந்து இறங்கினால் அம்மாவுக்கு நிம்மதி. ஒருவர் தோளில் முழுசாக இறங்கினால்தான் மாமாவுக்கு நியாயம். உலகம் முழுக்க இந்தப் படத்துக்காகச் சண்டை போட்டவர்கள் எங்கள் கூடத்தில் இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னால் வந்தவை

2017இல் கென்னத் பிரானா தானே நடித்து இயக்கிய படம் உலகம் முழுக்க 35 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 65 மிமீ ஃபிலிமில் எடுத்த பனிமலைகள் கண்ணை நிறைத்தன. மீசை காதுவரை போனது. கிறிஸ்டி இருந்திருந்தால் அதன் அளவையாவது பாராட்டியிருப்பார். அதில் 12 பேரும் சுரங்கப் பாதை வாயிலில் நீண்ட மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம் மாதிரி. புவாரோ துப்பாக்கியை அவர்கள் முன் வைத்து, என்னைச் சுட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்கிறார். அந்த 12 பேரில் ஒருவராக வரும் மிஷெல் ஃபைஃபர் அதை எடுத்துத் தன்னையே சுட்டுக்கொள்ளப் பார்க்கிறார். குண்டு இல்லை. அது ஒரு பரீட்சை. அவர்கள் தேறியதும் புவாரோ விட்டுவிடுகிறார்.

இந்த முடிவு எனக்கு உதவவில்லை. பரீட்சை வைத்து முடிவெடுத்தால், பாரம் மறுபடியும் வேறு எங்கோ போய்விடுகிறது. குற்றம் செய்தவர்கள் நல்லவர்கள் என்று நிரூபித்துவிட்டார்கள், ஆகவே விடலாம். 2010இல் அவர்கள் நல்லவர்களா என்பது கேள்வியே இல்லை. நல்லவர்கள்தான் என்று தெரிந்த பிறகும் முடிவெடுப்பது கஷ்டமாகவே இருக்கிறது.

இதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது ஜப்பானில் ஃபுஜி தொலைக்காட்சி 2015 ஜனவரியில் இரண்டு இரவுகளாகக் காட்டிய தழுவல். எழுதியவர் கோகி மிதானி. துப்பறிபவராக வந்தவர் ஜப்பானின் பழைய நகைச்சுவை நாடக வடிவமான க்யோகனில் பேர் பெற்ற நோமுரா மன்சாய். கதை ஜப்பானிய ரயிலுக்கு மாறிவிட்டது. முதல் இரவு நாவலை ஒட்டியே போகிறது. புதிர், விசாரணை, விடை. இரண்டாவது இரவு அதே கதை, கொலை செய்தவர்கள் பக்கமிருந்து. அவர்கள் எப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள், எப்படித் திட்டம் போட்டார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று கடத்தல் நடந்த நாட்களிலிருந்து பொறுமையாகச் சொல்கிறது. துப்பறிபவர் அங்கே, நன்றாகப் போட்ட திட்டத்தின் குறுக்கே வந்து விழுந்த ஆளாகத் தெரிகிறார். அம்மாவுக்குக் காட்ட வேண்டியது அந்த இரண்டாவது இரவுதான். துணைத் தலைப்போடு எங்கேயாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

2010 படத்தைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாவலைப் படித்துவிட்டு, 1974 படத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் இதற்கு வாருங்கள். யார் கொன்றது என்பதை மறைக்க இந்தப் படம் மெனக்கெடவே இல்லை. விடை தெரிந்தவரை உட்கார வைத்துப் பேசத்தான் எடுத்திருக்கிறார்கள். சூஷேயின் தொடரை வரிசையாகப் பார்க்கிறவர்கள், 2013இல் வந்த கடைசிக் கதையான 'கர்ட்டன்' வரைக்கும் இந்த ஜெபமாலையை நினைவில் வைத்திருங்கள். அங்கே அது எதற்கு வருகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.